பூச்சுக்கு உள்ளே

எமது நாட்டிலே ஓடுகின்ற மோட்டார் வண்டிகளுட் பெரும்பாலானவை கடல் கடந்து வந்தவை. அவற்றைச் செய்த தொழிலாளரின் முகத்தை நாம் கண்டதில்லை. அவற்றைப் பழுது தீர்த்து நாள்தோறும் ஓடவைக்கும் தொழிலாளரோ எமது ஒழுங்கைகளிலே, எமது வீட்டுக்கு நாலு வேலி தள்ளி வாழ்கின்றனர். முன்னவருடைய கொம்பனியின் பெயரைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். பின்னவருடைய பெயரை வண்டி முட்டுப்பட்ட நாளிலேதான் விசாரிக்கிறோம். அப்பொழுதும் எமது சமுதாயம் கேட்கும் கேள்வி ஒன்றே: "எங்கே மலிவாகவும் கெதியாகவும் செய்து தருவார்கள்?"

இக்கேள்வி போதாது என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். விபத்துக்குள்ளான யப்பானிய வண்டியொன்றுடன் 2024ஆம் ஆண்டிலே நாம் மூன்று திருத்தகங்களின் படியேறினோம். அந்த அலைச்சலிலே வண்டியைப் பற்றி அறிந்தது கொஞ்சம். உழைப்புக்கு நாம் கொடுக்கும் மதிப்பைப் பற்றி அறிந்தது அதிகம்.

யாழ்ப்பாணத்தவர்க்குத் திருத்தகம் புதியதோர் இடமன்று. ஒஸ்ரின் ஏ 40, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர் என்னும் ஆங்கிலேய வண்டிகள் இக்குடாநாட்டிலே தலைமுறைகளைக் கடந்து ஓடின. 1948இலே ஒக்ஸ்போர்ட்டை அடுத்த கௌலியிலே செய்யத் தொடங்கப்பெற்ற மொறிஸ் மைனர், பிறந்த நாட்டிலே 1970களின் தொடக்கத்தோடு உற்பத்தி ஒழிந்து போயிற்று. இங்கோ அது கலியாண வண்டியாகவும் வாடகை வண்டியாகவும் வைத்தியசாலைக்கு நோயாளரைக் கொண்டு செல்லும் வண்டியாகவும் நெடுங்காலம் நிலைத்தது. அதற்குக் காரணம் பழைமை மீது எமக்கிருந்த காதலன்று. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் 1960களிலும் 1970களிலும் கார் இறக்குமதி இறுகக் கட்டுப்படுத்தப்பட்டது. இருந்த வண்டியே வண்டி. அதைக் காப்பாற்றத் தெரிந்த கையே கை.

1990ஆம் ஆண்டு ஆனியிலே யுத்தம் மீண்டும் மூண்டபோது அந்தக் கைகளுக்குக் கடுஞ்சோதனை வந்தது. வடக்குக்கு எரிபொருளும் பற்றறியும் உதிரிப்பாகங்களும் செல்வது தடைபட்டது. அப்பொழுது ஏ 40களும் மைனர்களும் மண்ணெண்ணெயிலே ஓடின. சிறு போத்தலிலே பொத்திவைத்த பெற்றோலைக் காபரேற்றரிலே சிறிது விசிறி இயந்திரத்தை எழுப்புவர். அது சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். எமது தலைமுறையினரின் குழந்தைப் பருவத்து மணங்களுள் அந்தப் புகைமணமும் ஒன்று. எந்தப் பல்கலைக்கழகமும் அவ்வித்தையைக் கற்பிக்கவில்லை. எண்ணெய் படிந்த உடுப்போடு நின்ற மனிதர் அதைத் தாமே கண்டு, தமக்குள்ளே பகிர்ந்துகொண்டனர்.

இந்த வரலாறு பெருமைக்குரியதே. ஆயினும் பெருமையே ஒரு திரையாகிவிடக் கூடாது. "எமது ஆட்கள் மண்ணெண்ணெயிலே கார் ஓட்டினவர்கள், அவர்களுக்குத் தெரியாததா?" என்று இன்றைக்கும் பலர் கூறக் கேட்கிறோம். அவ்வண்டிகள் வேறு, இன்றைய வண்டிகள் வேறு. ஏ 40 சொமசெற் வண்டியிலே உருக்குச் சட்டகம் தனி. அதன்மேல் ஏற்றிய உடல் தனி. அக்காலத்து உருக்கைச் சூடாக்கிச் சம்மட்டியால் அடித்தால் வழிக்கு வரும். மட்காட் நெளிந்தால் கழற்றி நிமிர்த்திப் பூட்டலாம்.

இன்றைய சிறுகார் அத்தகையதன்று. தனிச்சட்டகம் என ஒன்று அதற்கில்லை, உடலே சட்டகம். அன்றியும், முட்டும்போது நசுங்குவதற்கென்றே அதன் முன்புறம் வகுக்கப்பட்டிருக்கிறது. வண்டியின் முன்னும் பின்னும் நசுங்கி மோதலின் வலுவை விழுங்க, நடுவே ஆட்கள் இருக்கும் அறை நசுங்காமல் நிற்கவேண்டும் என்னும் கருத்துக்கு, பேலா பரேனி என்னும் பொறியியலாளர் 1950களின் தொடக்கத்திலே ஜேர்மனியிலே காப்புரிமை பெற்றார். 1959இலே மெர்சிடிஸ் வண்டிகளிலே அக்கருத்து உருப்பெற்றது. இன்று உலகெங்கும் செய்யப்படும் கார்கள் அந்நெறியையே பின்பற்றுகின்றன. எனவே முட்டுப்பட்ட வண்டியின் முன்புறத்து நீள்சட்டங்கள் சரியாக நிமிர்த்தப்படாவிடின், அடுத்த மோதலிலே அவை நசுங்கவேண்டிய இடத்திலே நசுங்கா. அவற்றுட் சில பாகங்கள் உயர்வலு உருக்கினாலானவை. வாயுத் தீயினாற் செந்நிறமாகச் சூடாக்கினால் அந்த உருக்கு வலுவை இழந்துவிடும். முன்னைய வண்டிக்கு மருந்தாயிருந்த தீ, இன்றைய வண்டிக்கு நஞ்சாகிறது. பூச்சு அடித்துவிட்டாலோ இவற்றுள் எதுவும் வெளியே தெரியாது.

இனி எமது வண்டியின் கதைக்கு வருவோம். நாமும் எம்முடன் பணிபுரியும் ஆசிரியர் மூவரும் யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிப் பகுதிப் பாடசாலைக்கு நாள்தோறும் சென்று வருபவர்கள். போவதற்குச் சுமார் 65 கிலோமீற்றர், வருவதற்கும் அவ்வளவே. பஸ்ஸிலே தொங்கிச் சென்று முதற்பாடம் எடுப்பதிலும், எரிபொருட் செலவை நால்வரும் பகிர்ந்து எமது சிறுகாரிலே செல்வது எளிதாயிருந்தது. வண்டி யப்பானிலே பாவிக்கப்பட்டு 2018இலே இங்கு இறக்கப்பட்ட சுசுக்கி வகன் ஆர், 660 சீ.சீ. இயந்திரம். யப்பானிய அரசு சிறுகார்களுக்கு விதித்த அளவுக்குள்ளே, அதாவது நீளம் 3.4 மீற்றருக்கும் அகலம் 1.48 மீற்றருக்கும் மேற்படாமல், அடங்கிய வண்டி. அதை எழுப்பும்போதெல்லாம் ஒரு பெண்குரல் யப்பானிய மொழியிலே ஏதோ கூறும். யப்பானிய நெடுஞ்சாலைகளிலே கட்டணம் செலுத்துவதற்குரிய அட்டை செருகப்படவில்லை என்னும் அறிவித்தலே அது. இலங்கை வீதிகளிலே ஓடும் எத்தனையோ வண்டிகள், தாம் இன்னும் யப்பானிலேயே இருப்பதாக எண்ணி இவ்வாறு நாள்தோறும் முறையிட்டுக்கொண்டிருக்கின்றன.

2024 தை மாதத்திலே, பனி மூடியிருந்த ஒரு காலை வேளையிலே, இயக்கச்சிக்கும் ஆனையிறவுக்கும் இடையே வீதியின் குறுக்கே ஒரு பசுவும் கன்றும் வந்தன. வண்டியைத் திருப்பினோம். பசுவும் கன்றும் தப்பின. வண்டி மதகின் சீமெந்துக் கட்டிலே இடப்பக்கமாக மோதியது. காற்றுப்பைகள் இரண்டும் வெடித்து விரிந்தன. முன்னே இருந்த ஆசிரியை ஒருவருடைய மணிக்கட்டு வீங்கியதைத் தவிர வேறு ஊறு ஒருவருக்கும் இல்லை. அந்தத் துணிப்பைகள் இரண்டும் இல்லையேல் அன்றைய நிலை என்னவாகியிருக்கும் என்பதை எண்ணிப்பார்க்க எவரும் விரும்பவில்லை.

வேறொரு நாட்டிலே அவ்வண்டியைக் கழித்துவிட்டிருப்பர். இங்கு அவ்வாறு செய்ய இயலாத காலம் அது. 2020 பங்குனியிலே நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 மாசியிலேதான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. இடையே 2022இன் பொருளாதார நெருக்கடியிலே டொலரின் பெறுமதி இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்றைம்பதுக்கும் மேலே ஏறியது. புது வண்டி வராத நாட்டிலே பழைய வண்டி வாங்கிய விலையிலும் கூடிய விலைக்குப் போயிற்று. ஆகவே எவ்வளவு நொறுங்கிய வண்டியையும் எப்படியாவது எழுப்பிவிடவேண்டும் என்னும் நெருக்குதல் எங்கும் இருந்தது. திருத்துவோரின் பொறுப்பு இத்தகைய காலத்திலே குறைவதில்லை, பன்மடங்கு கூடுகிறது.

முதலிலே தலைநகரத்துப் பெருங் கொம்பனி ஒன்றின் திருத்தகத்தை நாடினோம். குளிரூட்டிய மண்டபம், கழுத்துப்பட்டி அணிந்த இளைஞர், இலக்கமிட்ட சீட்டு. அங்கு அறிந்த உண்மை ஒன்று உண்டு. இந்தியாவிலே செய்யப்படும் வகன் ஆரும் யப்பானிய வகன் ஆரும் பெயரிலேதான் ஒன்று. இயந்திரமும் வேறு, உடலளவும் வேறு. ஒன்றின் பாகம் மற்றதற்குப் பொருந்தாது. "இது எங்களுடைய இறக்குமதி அல்ல" எனப் பணிவாகக் கூறிய அவ்விளைஞர், யப்பானிலிருந்து பாகங்களைத் தருவிப்பதாயின் ஆகக்கூடிய செலவு இவ்வளவு என ஒரு தாளைத் தந்தார். எமது ஒன்பது மாதச் சம்பளத்துக்கு அது ஈடு. அத்தாளிலே நிமிர்த்துதல் என்னும் சொல்லே இல்லை, எல்லாம் மாற்றுதல். திருத்தும் கலை அங்கே பொருட்களை விற்கும் தொழிலாகச் சுருங்கிவிட்டது.

இரண்டாவது திருத்தகம் எமது நகரத்தை அண்மியது. காப்புறுதிக்காரரின் பட்டியலிலே உள்ளது. முற்றத்திலே நின்ற வண்டிகள் கண்ணாடிபோல் மின்னின. பத்து நாளிலே தருவதாகக் கூறினர். தொகையும் காப்புறுதி மதிப்பீட்டுக்குள் அடங்கியது. நாம் வினவினோம்: "காற்றுப்பைகள் இரண்டும் வெடித்துவிட்டன. அவற்றுக்கு என்ன செய்வீர்கள்?"

"சேர், அது பெரிய செலவு. மேல்மூடியைப் புதிசாய்ப் போட்டுவிட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. லைற் எரியாமலும் செய்து தரலாம்."

அவர் இதை இரகசியமாகக் கூறவில்லை. ஒரு சலுகையாகவே கூறினார். வாசகர் இதன் பொருளை உணர்தல் வேண்டும். வண்டியை எழுப்பும்போது காற்றுப்பையைக் குறிக்கும் சிறு விளக்கு சில கணங்கள் எரிந்து அணையும். தொகுதியிலே பழுது இருந்தால் அணையாது நிற்கும். பையில்லாத இடத்திலே ஒரு சிறு மின்தடையைப் பொருத்தினால், பை இருப்பதாகக் கருவி நம்பிவிடும்; விளக்கும் ஒழுங்காக எரிந்து அணையும். உள்ளே ஒன்றுமில்லை. அவ்வண்டியை நாளை வேறொருவர் வாங்குவார். தம் மனைவி மக்களை அதிலே ஏற்றுவார். விளக்கு அணைவதைக் கண்டு நிம்மதி கொள்வார்.

இக்குற்றத்தை அத்திருத்தகத்தின் தலையிலே மாத்திரம் சுமத்திவிட்டு அகல்வது எளிது. ஆனால் அவரிடம் வருபவர்கள் கேட்பது என்ன? முட்டுப்பட்ட அடையாளம் தெரியக்கூடாது, நிறம் பொருந்தவேண்டும், விற்கும்போது விலை குறையக்கூடாது. கண்ணுக்குத் தெரிவதற்கே பணம் கொடுக்கும் சந்தை, கண்ணுக்குத் தெரிவதையே செய்யும் திருத்தகத்தைப் படைக்கிறது. யப்பானிய ஏல விற்பனையிலே, சட்டகம் பாதிக்கப்பட்டுத் திருத்திய வண்டியின் தாளிலே 'ஆர்' என்னும் எழுத்தை இட்டு வைப்பர். கடல் கடந்து இங்கு வரும்போது அத்தாள் எத்தனை வண்டிகளுடன் கூட வருகிறது? வந்தாலும் அதைக் கேட்டு வாசிப்போர் எத்தனை பேர்?

மூன்றாவது திருத்தகம் கொக்குவிலிலே ஓர் ஒழுங்கையின் முடிவிலே, வேப்பமர நிழலிலே இருந்தது. பெயர்ப்பலகை துருவேறிக் கிடந்தது. அதை நடத்தும் பெரியவருக்கு எழுபது வயது. 1969இலே, பதினைந்து வயதிலே, கொழும்பு பஞ்சிகாவத்தையிலே தொழில் பழகியவர். 1983 ஆடிக் கலவரத்திலே எல்லாவற்றையும் விட்டுக் கப்பலிலே ஊர் திரும்பியவர். மண்ணெண்ணெய்க் காலத்திலே கைபார்த்த வண்டிகளுக்குக் கணக்கில்லை என்பர் ஊரார்.

அவர் எமது வண்டியின் நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. பம்பரையும் பொனற்றையும் கழற்றுவித்தார். பின்னர் அளவுநாடாவை எடுத்து, இயந்திர அறையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு அளந்தார். மற்ற மூலையிலிருந்தும் அவ்வாறே அளந்தார். இரண்டு குறுக்களவுகளும் ஒத்திருக்கவேண்டும். ஒத்திருக்கவில்லை. இரண்டையும் ஒரு கடதாசியிலே எழுதி எமது கையிலே தந்துவிட்டுக் கூறினார்:

"மாஸ்டர், இதை நான் நிமித்தித் தருவன். ஆனா நேராய் நிமித்தினனெண்டு என்னாலை சொல்ல ஏலாது. இதுக்கு வாங்கு வேணும். அது என்னட்டை இல்லை."

வாங்கு என்று அவர் குறித்தது, வண்டியை அசையாது பூட்டி, அளவுப் புள்ளிகளைப் பார்த்துப் பார்த்து, நீரழுத்த விசையாலே சிறிது சிறிதாக இழுக்கும் பொறியை. தீயும் சம்மட்டியும் இல்லாமல் நீள்சட்டத்தைப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் வழி அதுவே. தம்மால் இயலாதது இது எனக் கூறிய அந்த ஒரு வசனமே, அவரிடம் வண்டியை ஒப்படைக்கலாம் என்னும் நம்பிக்கையை எமக்குத் தந்தது. எத்தனை பட்டங்கள் பெற்றாலும் பலருக்கு வாயிலே வராத வசனம் அது.

அவர் தொலைபேசியை எடுத்து அனுராதபுரத்திலுள்ள ஒருவருடன் சிங்களத்திலே பேசினார். பஞ்சிகாவத்தையிலே ஒரே முதலாளியிடம் ஒன்றாகத் தொழில் பழகிய நண்பராம். இருவருக்கும் இடையே ஒரு கலவரமும் மூன்று தசாப்த காலத்து யுத்தமும் கிடந்தன. பாதை திறந்த பின்னர் முதலில் அவர்கள் பரிமாறிக்கொண்டது உதிரிப்பாகம் ஒன்றின் விலையையே என்று பெரியவர் சிரித்துக்கொண்டு கூறினார். நண்பரின் மகனிடம் அந்த வாங்கு இருந்தது. லொறியிலே ஏறிச் சென்ற எமது வண்டி ஒரு கிழமையிலே திரும்பியது. கூடவே, இழுப்பதற்கு முன்னிருந்த அளவும் பின்னிருந்த அளவும் நிரைநிரையாக எழுதிய தாளொன்றும் வந்தது. அத்தாளிலே பெரியவர் எழுதித் தந்த இரண்டு குறுக்களவுகளும் இருந்தன. இப்பொழுது அவை ஒத்திருந்தன.

காற்றுப்பைகளின் அலுவலைப் பெரியவர் தம் பேரனிடம் விட்டார். 2016இலே கிளிநொச்சி அறிவியல் நகரிலே திறக்கப்பட்ட இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனத்திலே மோட்டார் தொழினுட்பம் கற்ற இளைஞன் அவன். மடிக்கணினியை வண்டியோடு தொடுத்து, மோதலை நினைவிலே பதித்துவைத்திருந்த கட்டுப்பாட்டுப் பெட்டியையும், ஒருமுறை இறுகினால் மறுமுறை பயன்படாத ஆசனப்பட்டி இறுக்கிகளையும் மாற்றவேண்டும் என்றான். கழித்த வண்டியிலிருந்து எடுத்த காற்றுப்பை மலிவாகக் கிடைக்குமே என்றோம். அவன் தலையசைத்து மறுத்துத் தகாட்டா என்னும் யப்பானியக் கொம்பனியின் கதையைக் கூறினான். அதன் காற்றுப்பைகளிலே இருந்த இரசாயனம் வெப்பமும் ஈரமும் மிக்க நாடுகளிலே காலப்போக்கிற் பழுதுபட்டு, பை விரியும்போது உலோகத் துண்டுகளைப் பயணிகள்மேல் வீசியது. உலகெங்கும் கோடிக்கணக்கான வண்டிகள் திருப்பி அழைக்கப்பட்டன. 2017இலே அக்கொம்பனி முறிந்தது. எங்கிருந்து, எந்த ஆண்டு, எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்று தெரியாத பையை எமது வெயிலிலே பூட்டமுடியாது என்பது அவன் முடிவு. வண்டியின் சட்டக இலக்கத்தைக் கொடுத்துப் புதியவற்றை யப்பானிலிருந்து தருவிக்க ஐந்து கிழமைகள் சென்றன. அக்காலம் முழுவதும் நால்வரும் பஸ்ஸிலே தொங்கினோம்.

பெரியவரின் அளவுநாடாவும் பேரனின் மடிக்கணினியும் ஒரே வேப்பமரத்தின் கீழே இருந்தமை எமக்குப் பெருமகிழ்ச்சி தந்தது. பாட்டனின் கையறிவை ஏளனம் செய்யாத படிப்பும், படிப்பைக் கண்டு அஞ்சாத கையறிவும் கூடினால் எந்த நாட்டு வண்டி வந்தாலும் எமது மக்கள் திருத்துவர்.

ஆயினும் கணக்குத் தீர்க்கும் நாள் வந்தபோதுதான் எமது சமுதாயத்தின் நோய் வெளிப்பட்டது. பெரியவரின் சீட்டிலே ஒவ்வொரு பாகத்தின் விலையும் தனியாக, கூலி தனியாக எழுதப்பட்டிருந்தது. கழற்றிய பழைய பாகங்களையும் ஒரு சாக்கிலே கட்டித் தந்தார். சீட்டைப் பார்த்த உறவினர் ஒருவர் பாகங்களின் விலையைப் பற்றி வாய் திறக்கவில்லை. கூலியிலே விரலை வைத்து, "தட்டி நிமித்தினதுக்கோ இவ்வளவு?" என்றார். யப்பானிலிருந்து வந்த பெட்டியின் விலையை விதியென ஏற்கும் நாம், கொக்குவிலிலே ஒரு மனிதன் ஐம்பத்தைந்து ஆண்டுகள் தேடிய அறிவுக்கு விலை பேசுகிறோம். கடைக்காரனிடம் பேசாத பேரம் உழைப்பாளியிடம் எழுகிறது. இதை நன்கறிந்த திருத்தகங்கள் கூலியைக் குறைத்தெழுதிப் பாகத்தின் விலையிலே ஒளித்துவைக்கின்றன. இல்லையேல் உள்ளே செய்யவேண்டிய வேலையையே விட்டுவிடுகின்றன. நேர்மையான சீட்டுக்குத் தண்டனை கொடுக்கும் ஊரிலே நேர்மையான திருத்தகம் எத்தனை நாள் நிலைக்கும்?

இன்னுமொன்று உண்டு. பெரியவரின் திருத்தகத்திலும் எம்மால் ஏற்க இயலாத காட்சி ஒன்று இருந்தது. பின்புறத்துத் தகரக் கொட்டிலிலே பூச்சு விசிறியவன் பதினேழு வயதுப் பையன். சாதாரண தரப் பரீட்சையோடு பள்ளியை விட்டவன். வாயையும் மூக்கையும் ஒரு கைலேஞ்சியாற் கட்டியிருந்தான். இக்காலத்து இருகலவைப் பூச்சின் இறுக்கியிலே ஐசோசயனேற் என்னும் நச்சுப் பொருள் உண்டு. விசிறும்போது அது நுண்துளியாகி நெஞ்சுக்குள்ளே செல்லும். நாள்பட அதைச் சுவாசிப்போர்க்கு ஆஸ்துமா பிடிக்கும். பிடித்த பின்னர் மிகச் சிறிதளவு பட்டாலே மூச்சுத் திணறும். தொழிலையே விடவேண்டி வரும். துணி அதைத் தடுக்காது. தூய காற்றைக் குழாய் வழியே கொடுக்கும் முகமூடி வேண்டும்.

"இருமல் இருக்கோ தம்பி?" என்றோம்.

"இரவிலைதான் சேர். விடிஞ்சால் சரியாய்ப் போகும்" என்றான் அவன்.

எமது வண்டியின் பளபளப்பு அந்த இருமலிலே கலந்திருக்கிறது. பெரியவரிடம் இதைக் கூறியபோது அவர் மறுக்கவில்லை. "முகமூடிக்கு ஆர் மாஸ்டர் காசு தருவினம்? காப்புறுதிக்காரர் பெயின்ருக்குத் தருவினம், நெஞ்சுக்குத் தரமாட்டினம்" என்றார். நாம் வேண்டிக்கொண்டதன் பேரில் அவர் சீட்டிலே முகமூடி என ஒரு வரியைச் சேர்த்தார். சீட்டைப் பரிசோதித்த மதிப்பீட்டாளர் அந்த ஒரு வரியை மாத்திரம் சிவப்பு மையால் வெட்டினார். வண்டியின் பாகமன்று என்பது அவர் காட்டிய காரணம். நால்வரும் சேர்ந்து அத்தொகையைக் கொடுத்தோம். புதிய முன்விளக்கு ஒன்றின் விலையிலும் அது குறைவு.

நாலு ஆசிரியரின் தயவினாலே தீரும் காரியமன்று இது. வண்டி மோதலிலே நசுங்கும் தகட்டுக்கு மதிப்பீடு உண்டு. அதைத் திருத்துபவனின் நெஞ்சுக்கு மதிப்பீடு இல்லை. காப்புறுதிச் சீட்டிலே தொழிலாளரின் பாதுகாப்பும் திருத்தச் செலவின் ஒரு பகுதியாக எழுதப்படல் வேண்டும். திருத்தகத் தொழிலாளர் சங்கமாகக் கூடி இதைக் கேட்டல் வேண்டும். வண்டி வைத்திருப்போர் அவர்களோடு நின்று கேட்டல் வேண்டும்.

பாடசாலைகளுக்கும் இதிலே பங்குண்டு. "கோழி மேய்த்தாலும் கோறணமேந்திலே மேய்க்கவேணும்" என்று யாழ்ப்பாணத்தார் சொல்லி வந்த பழமொழி, அரச உத்தியோகத்தையே மனித வாழ்வின் முடிவாக்கியது. 2013இலே உயர்தர வகுப்பிலே தொழினுட்பப் பிரிவு தொடங்கப்பட்ட பின்னரும், மருத்துவமும் பொறியியலும் கிட்டாதோர் ஒதுங்கும் இடமாகவே அதைப் பலர் பார்க்கின்றனர். கையால் உழைப்பதைத் தோல்வியின் சின்னமாகக் காட்டும் சமுதாயம், தன் உயிரை அந்தக் கைகளிலேதான் ஒப்படைத்து வீதியிலே செல்கிறது.

முட்டுப்பட்ட வண்டியோடு நிற்கும் வாசகர்க்குச் சில கூறி முடிப்போம். திருத்தத் தொடங்குமுன் வண்டியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். சட்டகத்தின் அளவுகளை எழுதித் தரச் சொல்லுங்கள். எதனை நிமிர்த்துவர், எதனை மாற்றுவர், எங்கே தீ படும் என்று கேளுங்கள். கழற்றிய பாகங்களைத் திருப்பி வாங்குங்கள். வேலை முடிந்ததும் சில்லுகளின் நேர்மையைப் பரிசோதித்த தாளைக் கேளுங்கள். வண்டியை எழுப்பும்போது காற்றுப்பை விளக்கு எரிந்து அணைகிறதா எனப் பாருங்கள்; அதோடு நில்லாது, கணினியைத் தொடுத்து உண்மையிலே பை இருக்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள். இவற்றுக்கு முகம் சுளிக்காத திருத்தகம் நல்ல திருத்தகம். தன்னால் இயலாததை இயலாது என்று சொல்லும் திருத்தகம் அதனிலும் நல்லது.

அங்கே பூச்சு விசிறும் பையன் என்ன கட்டிக்கொண்டு நிற்கிறான் என்பதையும் கொட்டிலுக்குள்ளே சென்று பாருங்கள். அவனுக்கு முகமூடி இல்லையெனில் ஏன் இல்லை என்று கேளுங்கள். கூலி என்னும் வரிக்கு வந்ததும் பேரம் பேசாது கொடுங்கள். நல்ல திருத்தகங்கள் எமது ஊர்களிலே நிலைப்பதும் மறைவதும் அந்த வரியிலேதான் தங்கியிருக்கின்றன.